ஆங்கிலத்தில் ஸ்னீக் (sneak) என்றால் திருட்டுத்தனமா? இறந்தகாலத்தில் ‘ஸ்னீக்ட்’ (sneaked) என்று எழுதாமல் ‘ஸ்னக்’ (snuck) என்று எழுதினால் பிழையா?

தேர்வுக்குத் தயாராகிறீர்கள் என்று நினைக்கிறேன். இல்லாவிட்டால் ஸ்னீக்டா ஸ்னக்கா என்று இவ்வளவு கவலையோடு கேட்டிருக்க மாட்டீர்கள்.

‘நைசா நழுவுறது’, ‘கமுக்கமா உள்ள வர்றது’ என்கிறோமே, ஸ்னீக் அதுதான். திருட வேண்டும் என்ற கட்டாயமில்லை. தூங்கும் குழந்தை விழித்துவிடாமல் அறையை விட்டு வெளியே வருவதும் ஸ்னீக்தான். ரப்பர் அடிப்பாகம் சத்தம் போடாது என்பதால்தான் அமெரிக்காவில் 19ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே அந்த ஷூவுக்கு ஸ்னீக்கர்ஸ் என்று பெயர் வந்தது. பிரிட்டிஷ் பள்ளிப் பிள்ளைகளிடம் ‘எ ஸ்னீக்’ என்றால் வாத்தியாரிடம் போட்டுக்கொடுக்கிறவன். ‘ஸ்னீக்கிங் சஸ்பிஷன்’ மனதுக்குள் அரித்துக்கொண்டே இருக்கும் சந்தேகம், அதில் கள்ளத்தனமே கிடையாது.

இனி ஸ்னக். இது எனக்கு ஆறாத விஷயம். என் மகள் ஏழாம் வகுப்பில் கட்டுரை எழுதும்போது, பூனை அடுக்களைக்குள் புகுந்ததை ‘ஸ்னக்’ என்று எழுதியிருந்தாள். கதைப்புத்தகத்தில் படித்த சொல். ‘இப்படி ஒரு வார்த்தையே இல்லை’ என்று சிவப்பு மையில் எழுதி மார்க்கைக் குறைத்திருந்தார்கள். பெற்றோர் கூட்டத்தில் மெரியம்-வெப்ஸ்டர் என்ற அமெரிக்க அகராதியைச் செல்லில் திறந்து காட்டினேன். இரண்டு வடிவமும் அதில் இருக்கிறது. “செல்லுல ஆயிரம் போடுவாங்க சார்” என்றார் ஆசிரியை, திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அதற்கப்புறம் புதுச் சொல் எது வந்தாலும் “அப்பா, இதை எழுதலாமா?” என்று கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறாள். மார்க் போனதைவிட இதுதான் எனக்கு வலி.

நம் பாடத்திட்டம் பிரிட்டிஷ் வழக்கு என்பீர்கள். தெரியும். ஸ்னக் அமெரிக்காவில் பேச்சுவழக்காகக் கிளம்பியது, இன்றும் சிலருக்குக் கொச்சையாகத்தான் படுகிறது. ‘இங்கே ஸ்னீக்ட் எழுது’ என்று சொல்லியிருந்தால் தலையாட்டியிருப்பேன். இல்லவே இல்லை என்பது வேறு. ஆசிரியர்களைக் குறை சொல்கிறேன் என்றும் எடுத்துக்கொள்ளாதீர்கள், என் அம்மாவே ஆசிரியைதான். ஆனால் நோட்டு, அட்டை, லேபிள் எல்லாம் தங்களிடமே வாங்க வேண்டும், அதுவும் கடைவிலையைவிட அதிகம் கொடுத்து, என்று கட்டாயப்படுத்தும் ஒரு பள்ளி, தன் நூலகத்துக்கு ஒரு நல்ல அகராதி வாங்கி வைக்கக் கூடாதா? ஜூன் மாதம் பிறந்தாலே வயிறு எரிகிறது.

உங்கள் தேர்வில் ஸ்னீக்ட் என்றே எழுதுங்கள், அதை யாரும் அடிக்க முடியாது. சினிமாக்காரர்கள் வெளியிடும் ஸ்னீக் பீக்கில் வருகிற ‘பீக்’குக்கு இரண்டு ‘ஈ’ (peek) போடுங்கள். ‘ஈ’யும் ‘ஏ’யும் சேர்த்தால் (peak) மலையுச்சி ஆகிவிடும்.