விடுதலையான அன்று யார் போனது?

வணக்கம் ஐயா,

பினாங்கில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் இதழியல் படிக்கிறேன். வகுப்பைவிட, ‘பெரித்தா கம்புஸ்’ மாணவர் பத்திரிகைக்குச் செய்தி தேடி அலைந்ததில்தான் அதிகம் கற்றேன். ஆனால் ஒரு தமிழ் நாளிதழில் பிராக்டிக்கல் (பயிற்சிப் பணி) செய்தபோது, தேசியச் செய்தி நிறுவனமான பெர்னாமாவின் செய்திகளைத் தமிழாக்குவதும் திறப்புவிழாப் படங்களுக்குக் குறிப்பு எழுதுவதும்தான் வேலை. செய்தியறை அனுபவம் இவ்வளவுதானா? ‘தமிழ் நேசன்’ நாளிதழ் நின்றுவிட்ட பிறகு இந்தத் தொழிலை நம்பி வரலாமா?

எஸ்., பினாங்கு

அன்புள்ள எஸ்.,

நம்பி வரலாமா என்று ஜோசியம் சொல்ல எனக்குத் தெரியாது. 1924இல் தொடங்கிய பத்திரிகை 2019இல் மூடப்பட்டதில் எனக்கும் துக்கம் உண்டு. அதை விடு.

எனக்குக் கோபம் வந்த இடம் வேறு. “கோர்ட்டுக்குப் போய்வரட்டுமா சார்?” என்று ஒருநாளாவது கேட்டாயா? மாணவர் பத்திரிகைக்காக அலைந்த கால்கள்தானே அவை?

சில நாட்களாக ஒரு தாய் என் நினைவில் இருக்கிறார். நான் கோலாலம்பூரில் நிருபராக இருந்தபோது அலுவலகத்துக்கு வந்தவர். போதைப்பொருள் கடத்தியதாக, அபாயகரப் போதைப்பொருள் சட்டத்தின் 39பி பிரிவின் கீழ் மகனைக் கோர்ட்டுக்குக் கொண்டுவந்த அன்று பெயர், வயது, படம் எல்லாம் முதல் பக்கத்தில். பல ஆண்டுகள் கழித்து உயர்நீதிமன்றம் விடுவித்தபோது ஒரு வரிகூட இல்லை. “புடிச்சதப் போட்டீங்களே தம்பி, விட்டத ஏன் போடல?” ஆசிரியர் இடமில்லை என்றார். அந்த அம்மாவுக்கு நான் என்ன பதில் சொல்வது?

இது எப்படி நடக்கிறது என்று புரிந்துகொள். இத்தகைய வழக்கில் மாஜிஸ்திரேட் முன் குற்றச்சாட்டை வாசிப்பார்கள், அவ்வளவுதான். வழக்கு உயர்நீதிமன்றத்துக்கு உரியது என்பதால், குற்றத்தை ஒப்புகிறாரா மறுக்கிறாரா என்பது மாஜிஸ்திரேட் முன் பதிவாகாது. ஆனால் கேமராக்கள் எல்லாம் அன்றைக்குத்தான் வரும். பிறகு ரசாயன அறிக்கைக்குக் காத்திருப்பு, ஒத்திவைப்பு, உயர்நீதிமன்றத்துக்கு மாற்றம், விசாரணை என்று வருடங்கள் ஓடும். அதற்குள் நிருபர் வேறு வேலைக்குப் போயிருப்பார். 15 கிராம் ஹெராயின் இருந்தாலே கடத்தல்காரர் என்று சட்டம் அனுமானிக்கிறது. இல்லையென்று காட்டும் சுமை குற்றம் சாட்டப்பட்டவர் தலையில். 2018 மார்ச் வரை, குற்றம் நிரூபணமானால் தூக்கைத் தவிர நீதிபதிக்கு வேறு வழியே கிடையாது. இவ்வளவு பெரிய குற்றச்சாட்டை முதல் பக்கத்தில் போட்டவர்கள் தீர்ப்பைத் தேடிப் போக வேண்டாமா? எல்லா விடுதலையும் பெர்னாமாவில் வந்துவிடாது, எஸ். யாராவது போய் உட்கார்ந்தால்தான் உண்டு.

அதனால் தமிழாக்கத்தைத் திட்டாதே. அதுவும் ஒரு கைவேலை, ஒழுங்காகச் செய். திறப்புவிழாவை நானும் வெறுத்தேன், பிழைத்துவிட்டேன்.

வகுப்பில்லாத ஒரு நாள் உன் வளாகம் இருக்கும் மிண்டனில் பஸ் ஏறி லைட் ஸ்திரீட் நீதிமன்றத்துக்குப் போ. கைப்பேசியை அணைத்துவிட்டுப் பின்வரிசையில் உட்கார். மொழிபெயர்ப்பாளர் தமிழில் குற்றச்சாட்டை வாசிக்கும்போது கூண்டில் நிற்பவருக்கு அது புரிகிறதா என்று முகத்தைப் பார். வழக்கு எண்ணையும் அடுத்த தேதியையும் நோட்டில் குறித்துக்கொள். அந்தத் தேதியில் மறுபடி போ, தீர்ப்பு வரும்வரை போ. அதை எழுதினால் எனக்கு அனுப்பு, வரிவரியாகத் திருத்தித் தருகிறேன்.