ரேட் டேபிள்ல நம்பர் ஏன் ஆடுது?

கேள்வி: நகைக்கடைக்கு ஒரு வெப்சைட் பண்ணிக் கொடுத்தேன் சார். கிராம் ரேட் டேபிள்ல ரைட் அலைன் போட்டும் நம்பரெல்லாம் ஒண்ணுக்குக் கீழ ஒண்ணு நேரா நிக்க மாட்டேங்குது, லைவ் ரேட் மாறும்போது பக்கத்து எழுத்தும் சேர்ந்து ஆடுது. ஃபான்ட்டையே மாத்திடவா?
- வாசகர், கோவை

பதில்: அவசரப்படாதீங்க. நிறைய ஃபான்ட்ல 1 ஒல்லியா இருக்கும், 0, 8 எல்லாம் கொஞ்சம் குண்டா இருக்கும், அதனால 11,111 பிடிக்கிற இடம் வேற, 88,888 பிடிக்கிற இடம் வேற. பத்திக்குள்ள படிக்க அதுதான் அழகு, டேபிள்ல அதுதான் தலைவலி. விலை வர்ற செல்லுக்கு மட்டும் 'ஃபான்ட்-வேரியன்ட்-நியூமெரிக்: டேபுலர்-நம்ஸ்'னு சிஎஸ்எஸ்ல (பக்கத்தோட தோற்றத்தைச் சொல்ற ஃபைல்ல) ஒரு வரி போடுங்க, எல்லா நம்பரும் ஒரே அகலத்துக்கு வந்துடும். பைசாவும் காட்டுறீங்கன்னா எல்லா வரியிலயும் புள்ளிக்கு அப்புறம் ரெண்டு இலக்கம் வர்ற மாதிரி பாத்துக்கங்க, இல்லன்னா இதைப் போட்டும் புள்ளி நேரா நிக்காது.

போட்டும் எந்த மாற்றமும் தெரியலன்னா ஃபான்ட் ஃபைல்ல அந்த வசதி இல்லன்னு அர்த்தம். இன்டர்ங்கிற ஃபான்ட்ல இருக்கு, ரோபோட்டோ ஃபான்ட்ல நம்பர் ஏற்கெனவே ஒரே அகலம்தான். ஆனா ஃபைல் சைஸ் குறைக்க பைஎஃப்டி-சப்செட்ங்கிற டூல்ல ஃபான்ட்டை வெட்டியிருந்தீங்கன்னா கதையே வேற, அது சும்மா விட்டா இந்த டேபுலர் நம்பரையும் சேர்த்துத் தூக்கிடும், அதோட லேஅவுட்-ஃபீச்சர்ஸ் ஆப்ஷன்ல ஸ்டார் (*) போட்டு மறுபடி வெட்டணும். இதே வேலைக்கு ஃபான்ட்-ஃபீச்சர்-செட்டிங்ஸ்ல 'டிநம்' (tnum)னு போடச் சொல்லி பழைய பதில் நிறைய கிடைக்கும், எனக்கு அது பிடிக்காது, ஏன்னா மேல மொத்தப் பக்கத்துக்கும் (பாடி டேக்ல) அதே ப்ராப்பர்ட்டில வேற ஏதாச்சும் போட்டிருந்தா இந்த இடத்துல அது மொத்தமா காலி.

கேள்வி: ஜார்ஜியா ஃபான்ட்ல 3, 4, 5, 7, 9 மட்டும் வரிக்குக் கீழ இறங்குதே, பக்கா பண்ண முடியுமா?
- வாசகி, மதுரை

பதில்: அது தப்பில்லம்மா, ஜார்ஜியாவை வடிவமைச்ச மேத்யூ கார்ட்டர் அப்படித்தான் வரைஞ்சார், ஓல்ட்ஸ்டைல் நம்பர்னு பேரு. எல்லா நம்பரும் ஒரே உயரத்துல நிக்க, மேல சொன்ன ஃபான்ட்-வேரியன்ட்-நியூமெரிக்ல 'லைனிங்-நம்ஸ்' போட்டுப் பாருங்க, அந்த மெஷின்ல இருக்குற ஜார்ஜியாவுல அந்த உருவம் இருந்தாத்தான் மாறும். நம்ப முடியாதுன்னா ஃபான்ட்-ஃபேஸ்ல வேற ஒரு ஃபான்ட் எடுத்து யூனிகோட்-ரேஞ்ச்ல U+0030 முதல் 0039 வரைக்கும் (0 முதல் 9 வரைக்குமான குறியீடு) மட்டும் குடுத்து, ஃபான்ட்-ஃபேமிலில அதை ஜார்ஜியாவுக்கு முன்னாடி வைங்க. நம்பர் மட்டும் அதுலேர்ந்து வரும்.

கேள்வி: இதே வழியில 1, 2, 3-க்குப் பதிலா தமிழ் எண்கள் ௧, ௨, ௩ வர வைக்கலாமா?
- வாசகர், தஞ்சாவூர்

பதில்: வராது சார். இது உருவத்தை மாத்தும், எழுத்தையே மாத்தாது. லிஸ்ட்டுக்குன்னா லிஸ்ட்-ஸ்டைல்-டைப்ல 'tamil'னு ஆங்கில எழுத்துல குடுங்க, வந்துடும்.