அமெரிக்காவில் பத்திரிகை ஆசிரியரும் கேபிள் டிவி விவாதத் தொகுப்பாளரும் திட்டிக்கொண்டாலும் அவதூறு வழக்கு ஏன் நிற்பதில்லை?

அவதூறு என்றால் ஒருவர் பெயரைக் கெடுக்கும் பொய்த் தகவல். இவர்கள் இருவருமே பெரும்பாலும் 'பொது மனிதர்' கணக்கில் வருவார்கள். அவர்கள் ஜெயிக்க, சொன்னது பொய் என்று காட்டினால் மட்டும் போதாது. பொய்யென்று தெரிந்தோ, பலத்த சந்தேகம் இருந்தும் பொருட்படுத்தாமலோ சொன்னார் என்று நிரூபிக்க வேண்டும். கள்ளநோட்டைத் தெரியாமல் நீட்டியவரையும் தெரிந்தே நீட்டியவரையும் பிரித்துப் பார்ப்பதுபோலத்தான்.

1964-ல் நியூயார்க் டைம்ஸ் – சல்லிவன் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதிகாரிகளுக்காக வைத்த விதி இது. 1967-ல் மற்றப் பிரபலங்களுக்கும் விரிந்தது. அந்த வழக்கில், பத்திரிகையில் வந்த ஒரு விளம்பரத்திலிருந்த சில்லறைப் பிழைகளுக்கு அலபாமா மாநில நீதிமன்றத்தில் விதித்த இழப்பீடு 5,00,000 டாலர்! அப்படியே விட்டால் எந்தப் பத்திரிகை வாய் திறக்கும்?

வெறும் வசவும் மிகைப்பேச்சும் வழக்காகாது. தொகுப்பாளர் டக்கர் கார்ல்சன் பேச்சுக்காக ஃபாக்ஸ் நியூஸ் சேனல் மீது போட்ட வழக்கு 2020-ல் இப்படித்தான் தள்ளுபடியானது. வழக்கை நிற்கவைப்பது, பொய்யென்று தெரிந்தே சொன்னார்கள் எனக் காட்டும் உள் மின்னஞ்சல்களும் குறுஞ்செய்திகளும்தான். வாக்குப்பதிவு இயந்திர நிறுவனமான டொமினியன் ஃபாக்ஸ் மீது போட்ட வழக்கில் அவை வெளிவந்த பின், 2023-ல் ஃபாக்ஸ் 78.75 கோடி டாலருக்குச் சமரசம் செய்தது.

'இது என் கருத்து' என்று முன்னால் சேர்த்தால் தப்பிக்கலாம் என்று பலர் நினைக்கிறார்கள். தப்பிக்க முடியாது: சரிபார்க்கக்கூடிய தகவல் அதற்குள் இருந்தால் வழக்குத் தொடரலாம் என்று 1990-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.