பட்டினி போட்டால்தான் பூனை எலி பிடிக்குமா?

கேள்வி: நாங்கள் விசுவமடுவில் இருக்கிறோம். வீட்டில் நாலு மாதப் பெண் பூனைக்குட்டி ஒன்று நிற்கிறது. பின்னேரம் ஒருதரம் மீன்குழம்புச் சோறு வைக்கிறோம். கூட வைத்தால் நெல்மூட்டைக்கு வாற எலியைப் பிடிக்காது என்று அம்மம்மா சொல்கிறா. குட்டியோ நாள் முழுக்கக் கத்துகிறது. எத்தனை தரம் சாப்பாடு வைக்க வேண்டும்?

பதில்: அது பசியில்தான் கத்துகிறது. வளர்கிற குட்டிக்கு ஒருநேரச் சாப்பாடு காணாது. விடிய, மத்தியானம், பின்னேரம், நீங்கள் படுக்க முன்னம் என்று 4 தரம் கொஞ்சம் கொஞ்சமாக வையுங்கள். ஆறு மாதம் கழிய 3 தரம், ஒரு வயதுக்குப் பிறகு காலையும் மாலையும் 2 தரம் போதும்.

அம்மம்மா சொல்வதை வன்னியில் பல வீடுகளில் கேட்டிருக்கிறேன். எலிக்குப் பாய்வது பூனையின் பிறவிக் குணம். வயிறு நிறைந்த பூனையும் பிடிக்கும், சிலவேளை தின்னாமல் வாசலில் போட்டுவிட்டுப் போகும். பட்டினிப் பூனைதான் வேலி தாண்டி அலையும். அங்கே நாய் இருக்கிறது, பாம்பு இருக்கிறது. பக்கத்து வளவில் பாசாணம் தின்ற எலியைப் பிடித்துத் தின்றால் உங்கள் குட்டிக்கும் அந்த நஞ்சு ஏறும்.

எத்தனை தரம் என்பதைவிட என்ன வைக்கிறீர்கள் என்பதே எனக்குக் கவலை. பூனை இறைச்சி தின்னிப் பிராணி. சோறு வயிற்றை நிரப்பும், ஆனால் டோரின் என்ற சத்து அதில் இல்லை. அது நெடுநாள் குறைந்தால் கண்பார்வை போகும், இதயம் பலவீனப்படும். குழம்பில் கிடக்கும் வெண்காயமும் உள்ளியும் பூனையின் செங்குருதிக் கலங்களை உடைக்கும். ஆகவே கறி கூட்ட முன்னமே சூடையிலோ குளத்து மீனிலோ ஒரு பங்கை எடுத்து, உப்பில்லாமல் அவித்து, முள்ளெடுத்து வையுங்கள். மீனோடு நிற்காமல் கோழி இறைச்சி, ஈரல், அவித்த முட்டை என்றும் மாற்றிக் கொடுங்கள். சோறு ஒரு பிடிக்குள் இருக்கட்டும். பால்மா கரைத்து ஊற்ற வேண்டாம், பல பூனைகளுக்கு வயிற்றாலை போகும். நிழலில் ஒரு சிரட்டை தண்ணீர் எப்போதும் இருக்கட்டும்.

நன்றாகத் தின்றும் உடம்பு வைக்காமல் வயிறு மட்டும் ஊதினால் பூச்சியாக இருக்கலாம். மிருக வைத்தியரிடம் காட்டி மருந்து எடுங்கள். ஒரு நாள் முழுக்கத் தின்னாமல் கிடந்தாலும் உடனே கொண்டு போங்கள். காய்ச்சல் என்று நினைத்து பனடோல் கொடுத்துவிடாதீர்கள். ஒரு குளிசையே பூனையைக் கொன்றுவிடும்.