லித்தியம் கார்பனேட் ஏன் நீரில் எளிதில் கரைவதில்லை? அதனால் பயன் உண்டா?

சோடியம், பொட்டாசியம் போன்ற கார உலோகங்களின் கார்பனேட்டுகள் நீரில் நன்கு கரையும் என்று படித்திருக்க, லித்தியம் கார்பனேட் மட்டும் ஏன் விதிவிலக்கு என்றும், அதனால் ஏதேனும் பயன் உண்டா என்றும் கேட்டிருக்கிறீர்கள். என் பார்வையில், இந்த உப்பின் மிகப் பயனுள்ள பண்பே அந்த விதிவிலக்குதான்.

20 டிகிரி செல்சியஸில் 100 மில்லிலிட்டர் நீரில் பொட்டாசியம் கார்பனேட் ஏறத்தாழ 110 கிராமும், சோடியம் கார்பனேட் 21 கிராமும் கரையும்போது, லித்தியம் கார்பனேட் 1.3 கிராம்தான் கரைகிறது. மிகச் சிறிய லித்தியம் அயனி கார்பனேட் அயனியை வலுவாகப் பிணைத்துக்கொள்வதே இதற்கு முக்கியக் காரணம். இவ்வகையில் லித்தியம் தன் கார உலோகக் குடும்பத்தைவிட மெக்னீசியத்தையே அதிகம் ஒத்திருக்கிறது. மேலும், கரையும்போது வெப்பம் வெளிப்படுவதால், நீரைச் சூடாக்கச் சூடாக்க அதன் கரைதிறன் குறைந்து, 100 டிகிரியில் 0.7 கிராம் அளவுக்கு இறங்கிவிடுகிறது.

லித்தியம் உற்பத்தி பெருமளவில் இதையே நம்பியிருக்கிறது. சிலியின் அட்டகாமா உப்புப் படுகையில் இறைக்கப்படும், லித்தியம் கரைந்துள்ள உவர்நீரை வெயிலில் செறிவூட்டி, மெக்னீசியம் முதலியவற்றை நீக்கியபின், சூடான கரைசலில் சோடியம் கார்பனேட்டைச் சேர்த்தால், சோடியம் குளோரைடு கரைசலிலேயே தங்கிவிட, லித்தியம் கார்பனேட் வெண்ணிற வீழ்படிவாகப் படிகிறது. அதையும் வெந்நீரில்தான் கழுவ வேண்டும். குளிர்ந்த நீரில் கழுவினால் விளைபொருளில் ஒரு பகுதி கரைந்து போய்விடும். தூய்மைப்படுத்தும் முறை இன்னும் அழகானது: நீரில் கலக்கிய தூளின் ஊடே கார்பன் டை ஆக்சைடைச் செலுத்தினால் அது பைகார்பனேட்டாக மாறிக் கரைகிறது, கரையாத மாசுகளை வடிகட்டிவிட்டுச் சூடாக்கினால் வாயு வெளியேறி, தூய கார்பனேட் மீண்டும் படிகிறது.

இவ்வாறு கிடைக்கும் தூள் மின்கலங்களின் நேர்மின்வாய்ப் பொருள்களுக்கு மூலப்பொருளாகிறது. கண்ணாடி, பீங்கான் தொழில்களில் கலவையின் உருகுநிலையைக் குறைக்கும் இளக்கியாகவும் இது பயன்படுகிறது.

மருத்துவப் பயனைத் தனியே சொல்லியாக வேண்டும். கடும் மனவெழுச்சி நிலையை லித்தியம் உப்புகள் தணிக்கின்றன என்று ஆஸ்திரேலிய மனநல மருத்துவர் ஜான் கேட் 1949இல் வெளியிட்டார். மிகை எழுச்சியும் மனச்சோர்வும் மாறி மாறி வரும் இருதுருவ மனநோய்க்கு இன்றும் இது முக்கியமான மருந்து. ஆனால் பயன்தரும் அளவுக்கும் நச்சாகும் அளவுக்கும் இடைவெளி மிகக் குறைவு என்பதால், இரத்தப் பரிசோதனையில் அளவைக் கண்காணித்துக்கொண்டே இருக்க வேண்டும். சிறுநீரகம் லித்தியத்தைச் சோடியத்தைப் போலவே கையாளுகிறது; எனவே உடலில் நீரும் உப்பும் குறைந்தால் அது லித்தியத்தையும் சேர்த்துத் தக்கவைத்துக்கொள்ள, வழக்கமான மாத்திரை அளவிலேயே இரத்தத்தில் லித்தியம் ஆபத்தான நிலைக்கு உயர்ந்துவிடக்கூடும்.