செண்டுமல்லி நட்டும் தக்காளியில் புழுவா?

கேள்வி: வீட்டுக்குப் பின்னால் தக்காளி, கத்தரி போட்டிருக்கிறேன். பூச்சி அண்டாது என்றார்களே என்று செண்டுமல்லியையும் கூடவே விதைத்தேன். அது இப்போதுதான் மொட்டு விடுகிறது. தக்காளியிலோ காய்க்குக் காய் ஓட்டை. வேறு என்ன செடி வைக்கலாம்?

பதில்: செடியில் குறையில்லை, விதைத்த நேரம்தான் தப்பு. செண்டுமல்லி காய்ப்புழுவை விரட்டாது, தன் பக்கம் இழுக்கும். தாய் அந்துப்பூச்சிக்குத் தக்காளியைவிட அந்தப் பூவில் முட்டையிடத்தான் பிடிக்கும். தக்காளி பூக்கும்போது செண்டுமல்லியும் பூத்திருந்தால்தானே அது அங்கே போகும்? அதனால்தான் 25 நாள் தக்காளி நாற்றோடு 40 நாள் செண்டுமல்லி நாற்றை நடச் சொல்கிறோம். வயலில் 16 வரிசைத் தக்காளிக்கு ஒரு வரிசை. வீட்டில் பாத்தியின் இரண்டு ஓரத்திலும் வைத்தால் போதும். உயரமாக வளரும் ரகமாகப் பாருங்கள்.

நட்டுவிட்டுச் சும்மா இருக்கவும் கூடாது. இரண்டு நாளைக்கு ஒருமுறை பூவை விரித்துப் பாருங்கள். புழு இருந்தால் பூவோடு கிள்ளி சோப்புத் தண்ணீரில் போடுங்கள். இல்லாவிட்டால் நாமே புழு வளர்த்த கதைதான்.

மூலைக்கு ஒரு ஆமணக்கும் வைக்கலாம். இலையைத் தின்னும் புழுவின் தாயான புரோடீனியா அந்துப்பூச்சி அதன் அகன்ற இலையில் குவியலாக முட்டையிட்டு, பழுப்பு ரோமத்தால் மூடிவிடும். பொரித்த குஞ்சுப் புழுக்கள் சில நாள் கூட்டமாகவே சுரண்டித் தின்னும். இலை சல்லடைபோல் தெரியும். அந்த ஒரு இலையைப் பறித்தால் நூற்றுக்கணக்கான புழு ஒழிந்தது.

ஓரத்தில் தட்டைப்பயறும் போடுங்கள். அதில் சாறு உறிஞ்சும் சின்னப் பூச்சியான கருப்பு அசுவினி அப்பும், பதற வேண்டாம். அதைத் தின்னப் பொறிவண்டு வரும். பொறிவண்டின் புழு முதலைக் குட்டிபோல் நீளமாக, கருப்பில் ஆரஞ்சுப் புள்ளியோடு இருக்கும். பூச்சி என்று நினைத்துப் பலர் அதைத்தான் முதலில் நசுக்குகிறார்கள். ஆனால் பக்கத்தில் அவரை இருந்தால் தட்டைப்பயறு வேண்டாம், அசுவினி அதற்கும் தாவும்.

அப்புறம் கத்தரி. தண்டு, காய்த் துளைப்பானுக்குத் துணைச் செடியை நம்பிப் பயனில்லை. நுனிக்குருத்து வாடித் தொங்கினால் உள்ளே புழு இருக்கிறது என்று அர்த்தம். வாடிய இடத்துக்குச் சற்றுக் கீழே வெட்டி, துளைவிழுந்த காய்களையும் சேர்த்து எரித்துவிடுங்கள். குப்பைக்குழியில் போட்டால் புழு அங்கேயே கூட்டுப்புழுவாகி, அந்துப்பூச்சியாகத் திரும்பி வரும்.