பாலிசிக்கான பணம் மருந்து பில்லிலேயே இருக்கிறது

கேள்வி: திருப்பூரில் பனியன் கம்பெனி ஒன்றில் கட்டிங் பிரிவு மேற்பார்வையாளராக இருக்கிறேன். வயது 31, சம்பளம் 19,800 ரூபாய். அப்பா இல்லை. அம்மாவுக்கு 56 வயது; 11 ஆண்டுகளாகச் சர்க்கரை நோய், கூடவே ரத்த அழுத்தம். முன்பு செக்கிங் வேலைக்குப் போனவர், இப்போது என்னுடன் வீட்டில் இருக்கிறார். அவருடைய மருத்துவத்துக்கு மட்டும் மாதம் 3,890 ரூபாய் ஆகிறது. ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டி வந்தால் என்ன செய்வது என்ற பயத்தில் மருத்துவக் காப்பீடு விசாரித்தேன். 5 லட்சம் ரூபாய் பாலிசிக்கு ஆண்டுக்கு 26,000 ரூபாய் பிரீமியம். சர்க்கரை நோயை எழுதாமல் விட்டால் 19,000 ரூபாயில் முடிக்கலாம், வருமான வரியும் மிச்சமாகும் என்கிறார் முகவர். அம்மாவின் சங்கிலியை அடகு வைத்துக் கட்டலாமா? முதலமைச்சர் காப்பீட்டில் சேர முடியுமா? வரும் ஏப்ரலில் சம்பளம் 22,500 ஆகும் என்கிறார்கள். இதற்கிடையில் ஒருவர் 'சர்க்கரையை வேரோடு நீக்கும் 90 நாள் சிகிச்சை' என்று 38,000 ரூபாய் கேட்கிறார். அம்மாவுக்கு அதில் ஆசை. சம்பளச் சீட்டையும் மருந்து பில்லையும் இணைத்திருக்கிறேன்.

பதில்: சம்பளச் சீட்டை அனுப்பியது நல்லதாகப் போயிற்று. அதில் பிடித்தங்கள் பகுதியில் ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர்களுக்கான அரசுக் காப்பீடு) என்ற பெயரில் 149 ரூபாய் இருக்கிறது. நீங்கள் கேட்ட எந்தக் கேள்வியிலும் ஈ.எஸ்.ஐ. பற்றி ஒரு சொல் இல்லை. உங்கள் சம்பளத்தில் 0.75 சதவீதம் நீங்கள் கட்டுகிறீர்கள், 3.25 சதவீதம் கம்பெனி கட்டுகிறது. இரண்டும் சேர்ந்து மாதம் ஏறத்தாழ 792 ரூபாய், ஆண்டுக்கு 9,500 ரூபாய். ஒரு மருத்துவக் காப்பீட்டுக்கு ஏற்கெனவே பணம் கட்டிக்கொண்டே இன்னொன்றுக்காகச் சங்கிலியை அடகு வைக்கப் பார்க்கிறீர்கள்.

ஈ.எஸ்.ஐ. உங்களுக்கு மட்டும் அல்ல. உங்களை நம்பி வாழும் பெற்றோருக்கும் உண்டு. தனியார் பாலிசிகள் பெரும்பாலும் செய்யாத ஒன்றையும் அது செய்கிறது: படுக்கையில் சேராமலேயே, அன்றாட மாத்திரையையும் ரத்தப் பரிசோதனையையும் தருகிறது. சர்க்கரை நோய்க்காரரின் குடும்பத்துக்கு வேண்டியதே அதுதான். காப்பீடு என்றதும் எல்லோரும் ஆபரேஷனை நினைக்கிறார்கள். ஆனால் இந்த நோய் ஒரே நாளில் லட்சம் கேட்பதற்கு முன்பு பல ஆண்டுகள் மாதாமாதம் மூவாயிரம், நாலாயிரம் என்று கேட்டுக்கொண்டே இருக்கும். முகவர் விற்கும் பாலிசி அந்த மூவாயிரத்தைத் தொடாது.

ஆகவே முதல் வேலை, கம்பெனியின் கணக்குப் பிரிவில் போய் உங்கள் ஈ.எஸ்.ஐ. பதிவில் அம்மாவின் பெயர் இருக்கிறதா என்று பார்ப்பது. பலருக்கு வேலையில் சேர்ந்த அன்று அவசரத்தில் தங்கள் பெயரை மட்டும் பதிந்திருப்பார்கள். அம்மாவின் ஆதாரைக் கொடுத்துச் சேர்க்கச் சொல்லுங்கள். வீட்டுக்கு அருகில் உள்ள ஈ.எஸ்.ஐ. மருந்தகத்தைத் தேர்ந்தெடுங்கள். பெரிய சிகிச்சை தேவைப்பட்டால் அங்கிருந்து மேல் மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். உங்கள் பக்கத்தில் கோவை சிங்காநல்லூர் ஈ.எஸ்.ஐ. மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. வரிசையில் நிற்க வேண்டும், அரை நாள் போகும், சில மாதம் ஒரு மாத்திரை இருப்பில் இருக்காது. இதெல்லாம் உண்மைதான். மாதத்தில் ஒரு காலைப் பொழுதை அதற்குக் கொடுக்கலாம்.

இனி அந்த மருந்து பில். மாத்திரைகளுக்கு 2,640 ரூபாய், டாக்டர் கட்டணம் 300, பரிசோதனை 550, வீட்டில் சர்க்கரை பார்க்கும் பட்டைகள் 400. மாத்திரைக் கணக்கில் முதலிடம் சிட்டாகிளிப்டினும் மெட்ஃபார்மினும் சேர்ந்த சர்க்கரை மாத்திரைக்கு: 60 மாத்திரை 1,020 ரூபாய். இரண்டாமிடம் எதற்கு என்று பார்த்தீர்களா? சர்க்கரை நோய்க்காரர்களுக்கான சத்து மாவு டின், 550 ரூபாய். அதனுடன் 'நரம்பு மாத்திரை' 330 ரூபாய். இரண்டும் சேர்ந்து 880 ரூபாய், மருந்துச் செலவில் சரியாக மூன்றில் ஒரு பங்கு. ரத்த அழுத்த மாத்திரை, கொழுப்பு மாத்திரை, கிளிமிபிரைடு என்ற இன்னொரு சர்க்கரை மாத்திரை ஆகிய மூன்றுக்கும் சேர்த்தே 740 ரூபாய்தான்.

சத்து மாவு மருந்தே அல்ல. டாக்டர் குறிப்பாகச் சொல்லியிருந்தால் தவிர, சுண்டலும் முட்டையும் அதன் வேலையைச் செய்யும். நரம்பு மாத்திரையை மட்டும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்; அதில் பெரும்பாலும் இருப்பது வைட்டமின் பி12. மெட்ஃபார்மினை நெடுங்காலம் சாப்பிடுபவர்களுக்கு வைட்டமின் பி12 குறைவது உண்டு. ஒருமுறை ரத்தத்தில் அதன் அளவைப் பார்த்துவிட்டு வேண்டுமா வேண்டாமா என்று டாக்டர் முடிவு செய்யட்டும்.

சிட்டாகிளிப்டினின் காப்புரிமை இந்தியாவில் 2022-இல் முடிந்துவிட்டது. அந்த ஆண்டு செப்டம்பரிலேயே மத்திய அரசின் மக்கள் மருந்தகங்களில் இதே கூட்டு மாத்திரை, 50-க்கு 500 மில்லிகிராம் அளவில், 10 மாத்திரை 65 ரூபாய்க்கு வந்தது. அந்த விலையில் 60 மாத்திரை 390 ரூபாய். நீங்கள் கொடுப்பது 1,020. டாக்டரிடம் தயங்காமல் கேளுங்கள்: "கம்பெனிப் பெயருக்குப் பதில் மருந்தின் பெயரை எழுதிக் கொடுங்கள்." நல்ல டாக்டர்கள் இதற்குக் கோபித்துக்கொள்வதில்லை. ஈ.எஸ்.ஐ.யில் இருப்பு இல்லாத மாதங்களுக்கு இதுவே மாற்று வழி. 2025 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு திறந்த முதல்வர் மருந்தகங்களிலும் விலை விசாரியுங்கள்.

"அந்த மாத்திரையெல்லாம் கேட்காது" என்று அம்மா சொல்லக்கூடும். வாதாட வேண்டாம். மாற்றுவதற்கு முன்பு ஒருமுறை, மாற்றி மூன்று மாதம் கழித்து ஒருமுறை மூன்று மாதச் சராசரிச் சர்க்கரைப் பரிசோதனை எடுத்து இரண்டையும் அவர் கையிலேயே கொடுங்கள்.

கணக்குக்கு வருவோம். ஈ.எஸ்.ஐ. முழுமையாகப் பயன்பட்டால் பஸ் கட்டணம், பட்டைகள், அவ்வப்போது வெளியில் வாங்கும் மாத்திரை எல்லாம் சேர்த்து மாதம் 500 ரூபாயில் அடங்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதம் 3,390 ரூபாய் மிச்சம். ஆண்டுக்கு 40,000 ரூபாய்க்குமேல். பிரீமியம் 26,000 ரூபாய் அதற்குள்ளேயே இருக்கிறது. சங்கிலி அம்மாவின் கழுத்திலேயே இருக்கட்டும்.

ஈ.எஸ்.ஐ. இருக்கும்போது தனிப் பாலிசி எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். ஏப்ரலில் வரப்போகும் 22,500 ரூபாய்க்காகத்தான். ஈ.எஸ்.ஐ. சம்பள வரம்பு 21,000 ரூபாய். அதைத் தாண்டினால் வெளியே போய்விடுவீர்கள். உடனடியாக அல்ல. அக்டோபர் முதல் மார்ச் வரை கட்டிய சந்தாவுக்கான பலன் காலம் ஜூலை முதல் டிசம்பர் வரை. ஏப்ரல் 1 முதல் சம்பளம் உயர்ந்தாலும் அந்த டிசம்பர் வரை அம்மாவுக்குச் சிகிச்சை உண்டு. உயர்வு மே மாதச் சம்பளத்திலிருந்து நடைமுறைக்கு வந்தால் கதையே வேறு: ஏப்ரலில் தொடங்கிய சந்தாக் காலம் செப்டம்பர் வரை ஓடும், அதற்கான பலன் அடுத்த ஆண்டு ஜூன் வரை நீளும். ஒரு மாதச் சம்பள உயர்வு 2,700 ரூபாய். அதற்கு ஈடாக ஆறு மாத மருத்துவம். கணக்குப் பிரிவில் பேசிப் பார்ப்பதில் தவறில்லை. சம்பள உயர்வே வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

தனிப் பாலிசியில் ஏற்கெனவே இருக்கும் நோய்க்குக் காத்திருப்புக் காலம் உண்டு. 2024 ஏப்ரல் முதல் அது அதிகபட்சம் 3 ஆண்டுகள், முன்பு 4. அதாவது இன்று வாங்கும் பாலிசி சர்க்கரை தொடர்பான சிகிச்சைக்கு முழுதாக உதவ 3 ஆண்டுகள் ஆகும். ஈ.எஸ்.ஐ. கையில் இருக்கும்போதே வாங்கினால் அந்தக் காத்திருப்பில் ஒரு பகுதி அதன் நிழலில் கழிந்துவிடும். இதற்குள் எலும்பு முறிவோ டெங்குவோ வந்தால் பாலிசி கைகொடுக்கும். விபத்துக்கு முதல் நாளிலிருந்தே, மற்றவற்றுக்குப் பொதுவாக 30 நாள் கழித்து. மாரடைப்பு வந்தால் 'இது சர்க்கரையால் வந்ததா' என்ற கேள்வி எழும். காத்திருப்புக் குறைவான, சர்க்கரை நோயாளிகளுக்கென்றே உள்ள பாலிசிகளும் இருக்கின்றன, பிரீமியம் கூடுதல். இரண்டு மூன்று நிறுவனங்களில் விலை கேளுங்கள். கேட்கும்போது அறை வாடகைக்கு உச்சவரம்பு உண்டா, ஒவ்வொரு பில்லிலும் நம் பங்காக எத்தனை சதவீதம் கட்ட வேண்டும் என்ற இரண்டையும் கேட்காமல் வராதீர்கள். தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கு இருந்த 18 சதவீத ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் இல்லை. 26,000 ரூபாயில் இன்னும் வரி சேர்ந்திருந்தால் முகவரிடம் விளக்கம் கேளுங்கள்.

சர்க்கரையை மறைக்கச் சொன்ன யோசனையைப் பற்றி மென்மையாகச் சொல்ல எனக்கு மனமில்லை. அந்த முகவரை மாற்றுங்கள். அம்மாவை நாளை எந்த மருத்துவமனையில் சேர்த்தாலும், "எத்தனை வருடமாகச் சர்க்கரை?" என்றுதான் முதலில் கேட்பார்கள். நீங்கள் சொல்லும் "பதினோரு வருஷம்" அப்படியே கேஸ் ஷீட்டின் முதல் வரியில் ஏறும். காப்பீட்டு நிறுவனம் படிக்கும் முதல் வரியும் அதுதான். 5 ஆண்டுகள் விடாமல் கட்டிவிட்டால் பிறகு கேள்வி கேட்க முடியாது என்று முகவர் சமாதானம் சொல்லக்கூடும். அந்த விதி உண்மையானது; ஆனால் மோசடி அதற்கு விலக்கு. 7,000 ரூபாய் குறைவதற்காக 5 லட்சம் ரூபாய்ப் பாதுகாப்பைக் காகிதமாக்கிக்கொள்ள வேண்டாம். உள்ளதை உள்ளபடி எழுதி, பூர்த்தி செய்த விண்ணப்பத்தின் நகலை வாங்கி வையுங்கள். பின்னாளில் நியாயமின்றிப் பணத்தை மறுத்தால் சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிட அந்த நகல்தான் ஆதாரம்.

வரி மிச்சம் என்பதும் உங்களுக்குப் பொருந்தாத பேச்சு. ஆண்டுக்கு 2,37,600 ரூபாய் சம்பளத்துக்கு வரியே இல்லை. இல்லாத வரியில் எதை மிச்சப்படுத்துவது?

முதலமைச்சர் காப்பீட்டுக்குக் குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். நீங்கள் அதைத் தாண்டிவிட்டீர்கள். யாராவது குறைத்துச் சான்றிதழ் வாங்கித் தருவதாகச் சொன்னால் ஒதுங்கிவிடுங்கள். அந்தத் திட்டமும் மருத்துவமனைச் சிகிச்சைக்குத்தான், மாத மாத்திரைக்கு அல்ல. மாத்திரைக்கு இருப்பது 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற தமிழ்நாடு அரசுத் திட்டம். அதற்கு வருமான வரம்பு கிடையாது. ஈ.எஸ்.ஐ. முடியும் மாதத்தில் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் அம்மாவைப் பதிந்துவிடுங்கள்.

பிரீமியம் போக ஆண்டுக்கு மிஞ்சும் 14,000 ரூபாயை அஞ்சலகத்தில் மாதாந்திரத் தொடர் வைப்பாகப் போட்டு வாருங்கள், ஈ.எஸ்.ஐ. முடிந்து, பாலிசியின் காத்திருப்பு முடியாத இடைக்காலத்துக்கு அது. ஈ.எஸ்.ஐ. இருக்கும்போதே ஆண்டுக்கொரு முறை விழித்திரை, சிறுநீரில் ஆல்புமின், பாதம் ஆகிய மூன்றையும் பார்த்துவிடுங்கள். சிறுநீரகம் பழுதாகி வாரம் இரண்டு மூன்று டயாலிசிஸ் என்று வந்தால் இங்கே போட்ட கணக்கு எதுவும் நிற்காது.

90 நாள் சிகிச்சைக்கு 38,000 ரூபாய் கொடுக்க வேண்டாம். முன்பணம் கட்டியிருந்தால் ரசீதைக் காட்டித் திருப்பிக் கேளுங்கள். 'இதைச் சாப்பிடும்போது மற்ற மாத்திரைகளை நிறுத்துங்கள்' என்று அவர் சொல்லியிருக்கிறாரா என்று அம்மாவிடம் இன்றே கேட்டுவிடுங்கள். சொல்லியிருந்தால், எந்த மாத்திரையையும் விடாமல் அம்மாவை உடனே டாக்டரிடம் அழைத்துச் செல்லுங்கள்.